இருட்டில் எடுத்த படம்

காலையில் எழுந்ததும் சிலர் பங்குச் சந்தை பார்ப்பார்கள், சிலர் ராசிபலன் பார்ப்பார்கள். நான் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பளவைப் பார்ப்பேன். என் வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அமெரிக்காவின் தேசியப் பனி, பனிக்கட்டித் தரவு மையம் தினமும் ஒரு வரைபடம் வெளியிடுகிறது. அதில் இந்த ஆண்டுக்கான கோடு, நேற்று நின்ற இடத்திலிருந்து ஒரு நூலளவு நகர்ந்திருக்கும். மார்ச்சில் உச்சிக்குப் போகும், செப்டம்பரில் பள்ளத்தில் இறங்கும், மறுபடி ஏறும். 1979இல் அந்தச் செப்டம்பர் பள்ளம் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டரில் நின்றது. 2012இல் ஏறக்குறைய 34 லட்சத்துக்கு வந்துவிட்டது. அந்த 2012ஆம் ஆண்டுக் கோடு இன்றைக்கும் மற்ற கோடுகளுக்கெல்லாம் கீழே தனியாகக் கிடக்கிறது. இதை ஐந்து வருடமாகப் பார்த்துவருகிறேன். ஐந்து வருடமும் ஒரு அடிப்படைக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கேள்வியைக் கேட்டவன் கல்லூரி நண்பன். குழுவில் எதையாவது கொளுத்திப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும் ரகம். ஒரு நாள் அதே தரவிலிருந்து 2012ஐயும் அதற்கு அடுத்த சில செப்டம்பர்களையும் மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினான். "பனி கூடிக்கிட்டே போகுதே" என்று கீழே ஒரு வரி. ஆகக் குறைந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் பின்னால் வருவது எல்லாம் ஏற்றமாகத்தான் தெரியும். இது பழைய வித்தை. நானும் சளைக்காமல் முழு வரைபடத்தையும் போட்டு, அவன் எங்கே வெட்டினான், ஏன் அங்கே வெட்டினான் என்று நீளமாக எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு பஞ்ச் வைத்தேன்: "இது யாரோ சொன்ன அபிப்பிராயம் இல்லைடா. செயற்கைக்கோள் எடுத்த போட்டோ. போட்டோ பொய் சொல்லாது."

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "மச்சி, அங்கே ஆறு மாசம் ராத்திரி. ஃபிளாஷ் போட்டா எடுக்கறாங்க?"

குழுவே சிரித்தது. நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். ஆனால் அன்று முழுக்க அந்த ஃபிளாஷ் கண்ணுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னதில் தப்பே இல்லை. துருவத்தில் செப்டம்பர் கடைசியில் மறையும் சூரியன் மார்ச்சில்தான் திரும்பி வருகிறது. கடற்பனி வளர்வது பெரும்பாலும் அந்த இருட்டுக்குள்தான். சூரியன் இருக்கும் பாதி வருடமாவது தெளிவாக இருக்குமா என்றால், கோடையில் ஆர்க்டிக் கடலுக்கு மேலே பெரும்பாலான நாட்கள் மேகம்தான். அப்படியிருந்தும் இருட்டென்றோ மேகமென்றோ வரைபடத்தின் கோடு நிற்பதில்லை. எந்தக் கண் அதைப் பார்க்கிறது?

சூடாகத் தெரியும் பனி

பதில் ஒன்றும் ரகசியமில்லை, நான் தேடவில்லை, அவ்வளவுதான். வெப்பம் உள்ள எந்தப் பொருளும் சும்மா இருப்பதில்லை, எதையாவது வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு நுண்ணலையாக வருகிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதன் பங்காளிதான் இது, ஆனால் பலத்தில் எறும்புக்கும் யானைக்கும் உள்ள தூரம். கடற்பனியை அளக்கும் கருவி 19, 37 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் காது வைத்துக் கேட்கிறது. அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் எட்டு மில்லிமீட்டருக்கும் பக்கத்தில். மேகத்தின் நீர்த்துளிகள் இதற்கு முன்னால் தூசு. எனவே மேகம் மறைப்பதில்லை, இரவும் மறைப்பதில்லை. ஃபிளாஷ் தேவையில்லை, ஏனென்றால் அங்கே ஒளிர்வது பனியேதான்.

இதைவிட எனக்கு அதிசயமாகப் பட்டது அடுத்த விஷயம். ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தில் இருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை. அந்த வெப்பத்தை வெளியே சொல்வதில் அது எவ்வளவு தாராளம் என்பதும் கணக்கு. கடல்நீர் மகா கஞ்சன், இந்த அலைவரிசைகளில் தன் வெப்பத்துக்கு உரியதில் ஏறக்குறைய பாதியைத்தான் வெளிவிடும். புதிதாக உறைந்த கடற்பனி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விட்டுவிடும். விளைவு? மைனஸ் 20 டிகிரியில் கிடக்கும் பனி, அதற்குப் பக்கத்தில் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே திரவமாக இருக்கும் கடலைவிட வெகு 'சூடாக' அந்தக் கருவிக்குத் தெரிகிறது. குளிர்ந்தது பளிச்சென்று, குளிர் குறைந்தது இருட்டாக. நான் ஐந்து வருடம் வெள்ளை வெள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் வெள்ளை என்பது பனியின் நிறமே இல்லை. யாரோ ஒரு எண்ணுக்கு வெள்ளைச் சாயம் கொடுத்திருக்கிறார்கள், நாம் பனி என்றால் வெள்ளையை எதிர்பார்ப்பதால். இதைப் படித்த இரவில் பழைய படங்கள் சிலவற்றை மறுபடி திறந்து பார்த்தேன். முன்பு அழகாக இருந்தவை இப்போது கொஞ்சம் அந்நியமாக இருந்தன. தெரிந்தவர் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போய், பாதி வழியில் வேறு ஆள் என்று கண்டுபிடித்ததைப் போல.

இந்தக் கேட்கும் கண் இல்லாவிட்டால் சிலவற்றை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். 1972 டிசம்பரில் ஏவப்பட்ட நிம்பஸ்-5 என்ற செயற்கைக்கோள் இந்த வகையில் முன்னோடி. 1974, 75, 76 என்று அடுத்தடுத்து மூன்று குளிர்காலங்களில், அண்டார்டிகாவின் வெட்டெல் கடலில் பனி மூடியிருக்க வேண்டிய இடத்தில் சுமார் இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டருக்குத் திறந்த நீர் கிடந்ததை அது காட்டியது. கிட்டத்தட்ட நியூசிலாந்து அளவுக்கு ஒரு துளை, நட்டநடு இருட்டில், ஆளே இல்லாத கடலில். அதற்கப்புறம் அத்தனை பெரியதாக அந்தத் துளை திறக்கவில்லை. சாதாரண கேமரா மட்டும் இருந்திருந்தால் அது வந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது.

நடுவில் ஓட்டை

சரி, பதில் கிடைத்துவிட்டது, நண்பன் முகத்தில் வீசிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் பிரச்சினை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ஆனால்' தேவைப்பட்டது.

முதலில் 'பரப்பளவு' என்ற சொல். உறைந்த கடலை அப்படியே கூட்டிச் சொல்வதில்லை. கடலை 25 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 15 சதவீதமோ அதற்கு மேலோ பனி இருந்தால் அந்தக் கட்டம் முழுவதும் பனிக் கணக்கில் சேர்ந்துவிடும், 14 என்றால் முழுவதும் தண்ணீர். அந்தக் கட்டத்துக்குள் கப்பலில் நிற்பவருக்குக் கண்ணுக்கெட்டிய வரை கடல்தான் தெரியும், கணக்கில் அது பனி. போதாததற்கு, பல வருடம் உழைத்த பழைய கருவிகளில் 19 கிகாஹெர்ட்ஸில் ஒரு பார்வையின் தடமே, அதாவது ஒரே தடவையில் பார்க்கும் பரப்பே, 69க்கு 43 கிலோமீட்டர். கட்டத்தைவிடத் தடம் பெரியது! கரையோரத்தில் அந்தத் தடத்தில் பாதி நிலம், பாதி நீர் விழுந்தால், இரண்டும் கலந்து இல்லாத பனி முளைக்கும். அதைத் தனியாகத் திருத்த வேண்டும். காற்றடித்துக் கடல் கொந்தளித்தாலும் பொய்ப் பனி வரும், அதற்கு ஒரு வடிகட்டி. கோடையில் இதற்கு நேர்மாறான கூத்து. பனியின் மேல் உருகிய நீர் குளம் குளமாக நிற்கும்போது கருவிக்கு அது கடலாகத் தெரியும், பனி அடியில் கல் மாதிரி இருந்தாலும்.

எல்லாவற்றையும் விட என்னைத் தடுமாற வைத்தது துருவத்து ஓட்டை. இந்தச் செயற்கைக்கோள்கள் துருவத்தின் தலைக்கு நேர் மேலே போவதில்லை, கொஞ்சம் சாய்ந்து சுற்றுகின்றன. எனவே படத்தின் மையத்தில் ஒரு வட்டம் பார்க்கப்படாமலே விடுபடும். 1978 முதல் 1987 வரை இருந்த கருவிக்கு அந்த வட்டம் 84.5 டிகிரிக்கு வடக்கே முழுவதும், சுமார் 12 லட்சம் சதுர கிலோமீட்டர். அடுத்து வந்ததற்கு 3 லட்சம். அதற்கடுத்ததற்கு 30 ஆயிரத்துக்கும் குறைவு. பரப்பளவைக் கூட்டும்போது அந்த வட்டம் பனியால் மூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். துருவத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பனி இருக்கும்போது இது நியாயமான அனுமானம்தான். ஆனாலும் 'போட்டோ பொய் சொல்லாது' என்று மார்தட்டியவனுக்கு, போட்டோவின் நடுவில் போட்டோவே இல்லை என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்? எழுதிய பதிலை அழித்தேன். அப்படியே இரண்டு வாரம் குழுவில் வாய் திறக்கவில்லை.

2009 பிப்ரவரி

திரும்பிப் பார்த்தால், என் சந்தேகம் தீர்ந்தது ஒரு தவறைப் பற்றிப் படித்தபோதுதான். 2009 பிப்ரவரியில் அந்தத் தரவு மையத்தின் தினசரி வரைபடத்தில் ஆர்க்டிக் பனி குறைந்துகொண்டே போனது. குளிர்காலத்தின் நட்டநடுவில். எஃப்15 என்ற செயற்கைக்கோளின் கருவி மெல்ல மெல்லத் தடம் புரண்டு, பனியைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மாத நடுவில் பிழை சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு வளர்ந்திருந்தது. ஒரு ஸ்பெயின் நாடு காணாமல் போன கணக்கு. மையம் அதைத் தானே வெளியே சொன்னது, எவ்வளவு பிழை என்று எண்ணோடு சொன்னது, எஃப்15ஐ விட்டுவிட்டு அதைவிட மூத்த எஃப்13இன் தரவை வைத்து வரைபடத்தைத் திருத்தியது. கேலி செய்தவர்கள் நிறையப் பேர், என் நண்பன் ரகம்.

பிழை எந்தப் பக்கம் விழுந்தது என்று கவனியுங்கள். பனி குறைகிறது என்று வருடக்கணக்கில் சொல்லிவந்தவர்கள், பனி இன்னும் குறைந்ததாகக் காட்டிய எண்ணைத் தாங்களே தூக்கி எறிந்தார்கள். நான் இந்த இடத்தில்தான் வெகுநேரம் நின்றேன். இதுவரை நான் நம்பியது படத்தை. நம்பியிருக்க வேண்டியது கணக்குப்பிள்ளையை. ஒரு கடையின் பேரேட்டில் அடித்தல் திருத்தலே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும், ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இருந்தால் அந்தப் பேரேட்டை நம்பலாம். 15 சதவீதம் என்ற வரம்பு இஷ்டத்துக்கு வைத்ததாகத் தோன்றுகிறது, ஆனால் எல்லா வருடத்துக்கும் அதே வரம்பு. வட்டத்தில் இருக்கும் ஓட்டை அனுமானத்தால் அடைக்கப்படுகிறது, ஆனால் ஓட்டையின் அளவு எந்த வருடம் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளின் பரப்பளவு சற்று முன்பின்னாக இருக்கலாம், நாற்பது வருடச் சரிவு அந்தப் பிழைக்குள் அடங்குகிற சமாச்சாரம் இல்லை.

கோடு ஒரே கோடாகத் தெரிவதும் ஒரு தையல் வேலைதான். 1987இல் பழைய கருவியும் புதிய கருவியும் சேர்ந்து வேலை செய்தது ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தை வைத்துத்தான் இரண்டு காலங்களையும் ஒட்டியிருக்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்திலிருந்து அடுத்த ஜனவரி நடுப்பகுதி வரை தரவே கிடையாது, அங்கே ஒரு கிழிசல். 2016 ஏப்ரலில் எஃப்17இன் ஒரு அலைவரிசை கெட்டுப்போய் எஃப்18க்கு மாறினார்கள். இத்தனைக்கும் இந்த எஃப் வரிசை அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள்கள். பருவநிலை ஆவணம் என்பது அவற்றின் உத்தேசத்திலேயே இல்லை, ஓரமாகக் கிடைத்த லாபம். அதனால்தான் 2025 ஜூன் கடைசியில், இனி இந்தத் தரவை வெளியே தரமாட்டோம் என்று சில நாள் அவகாசத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அப்புறம் ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள், ஜூலை முடிவதற்குள் அந்த முடிவையும் மாற்றி, கருவிகளின் ஆயுளோ அந்தத் திட்டமோ முடியும் வரை தொடரும் என்றார்கள். மையம் அதற்குள் ஜப்பானின் ஷிசுகு செயற்கைக்கோளில் இருக்கும் கருவிக்கு மாறும் வேலையில் இறங்கிவிட்டது. ஷிசுகு என்றால் நீர்த்துளி. அந்த வாரங்களில் எனக்குத் தூக்கம் சரியில்லை என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

விழும் பனி

இதை எழுதுவதில் ஒரு தமிழ்ச் சிக்கல் இருக்கிறது. அதிகாலையில் புல்லில் நிற்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, கடல் உறைந்தாலும் பனி. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்கே பெயர் வைத்திருக்கிறோம், அவை இரண்டும் நீர் உறையாத குளிர். கடற்பனியை அளப்பதே மேல் என்று தோன்ற வைப்பது அந்த விழும் பனி, அதாவது வெண்பனி.

நிலத்தில் வெண்பனி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது ஓரளவு தெரிந்த கதை. 1966 கடைசியிலிருந்து செயற்கைக்கோள் படங்களை வைத்து மனிதர்கள் வாராவாரம் வரைந்த வரைபடங்கள் இருக்கின்றன. 1997க்குப் பின் அது தினசரி வேலை, இப்போதும் திரைக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள். மேகத்தையும் வெண்பனியையும் பிரித்தறிய ஒரு நல்ல தந்திரம் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. 1.6 மைக்ரான் அகச்சிவப்பில் பார்த்தால் நீர்த்துளி மேகம் பளிச்சென்றே இருக்கும், வெண்பனி கறுத்துப் போகும். (2002இல் போன அக்வா செயற்கைக்கோளில் சரியாக இந்தப் பட்டையின் உணரிகள்தான் பெரும்பாலும் செத்துப்போயின. இதற்கென்று ஒரு ராசி.)

ஆனால் அந்த வெண்பனிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால் கதை மாறுகிறது. இங்கேயும் நுண்ணலைதான். தரையிலிருந்து வருவதை வெண்பனியின் துகள்கள் சிதறடிக்கும், 37 கிகாஹெர்ட்ஸில் அதிகமாக, 19இல் குறைவாக. அந்த வித்தியாசத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடலாம். உருக்கினால் சுமார் 15 சென்டிமீட்டர் நீர் வரும் அளவுக்கு மேல் பனி சேர்ந்துவிட்டால் கருவி திகைத்துவிடும், மேலே எவ்வளவு விழுந்தாலும் ஒரே பதில்தான். பனி லேசாக ஈரமானாலும் போச்சு. ஆக, வெண்பனி மிக ஆழமாகக் குவியும் மலைகளில், ஆறுகள் தண்ணீருக்காக நம்பியிருக்கும் மலைகளில், இந்த முறை கைகொடுப்பதில்லை. சில உலகளாவிய தரவுத் தொடர்கள் மலைகளை மறைத்துவிட்டே எண்ணைத் தருகின்றன. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல் விட்டதற்காக நான் அவர்களுக்கு ஒரு கும்பிடு போடுவேன். அந்த வெற்றிடம் உறுத்தாமலும் இல்லை.

கனம்

இரண்டு வாரம் கழித்து நண்பனுக்கு எழுதினேன். "போட்டோ என்று சொன்னது தப்பு. ஃபிளாஷ் வேண்டாம், பனியே ஒளிர்கிறது" என்று ஆரம்பித்து, ஓட்டை, தையல், 2009 என எதையும் மறைக்காமல். அவன் படித்தானா என்று தெரியவில்லை, ஆனால் கேட்டான்: "சரி, எவ்ளோ கனம்?"

எடையைக் கேட்கிறான் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அதற்குச் சொல்ல என்னிடம் நல்ல கதை இருந்தது. 2002இல் போன கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே கனமான நிலப்பகுதி வந்தால் முன்னால் போவது முதலில் ஈர்க்கப்பட்டு இடைவெளி இம்மியளவு மாறும், அதிலிருந்து கீழே உள்ளதன் எடை. கிரீன்லாந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 27,000 கோடி டன் பனியை இழப்பதாக அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இது கடற்பனிக்கு உதவாது. மிதப்பது தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிவிட்டு நிற்கிறது, அது உறைந்தாலும் உருகினாலும் அந்த இடத்தின் எடை அப்படியே. தராசை ஏமாற்றும் சரக்கு.

அவன் கேட்டது தடிமனை. அதற்கு கிரையோசாட் என்ற செயற்கைக்கோள். 2005 அக்டோபரில் ஏவியபோது ராக்கெட் பழுதாகி முதல் கிரையோசாட் கடலில் விழுந்தது, அதுவும் ஆர்க்டிக் கடலில். மறுபடி கட்டி 2010 ஏப்ரலில் இரண்டாவதை அனுப்பினார்கள். அது ரேடார் துடிப்பை அனுப்பி, பனி கடல் மட்டத்துக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறது. துருத்துவது பத்தில் ஒரு பங்கு மாதிரி, மீதி தண்ணீருக்குள். எனவே மேலே செய்யும் சின்னத் தவறு கீழே பல மடங்காகப் பெருகும். அந்தத் தவறுக்குப் பெரிய காரணம், கடற்பனிக்கு மேலே விழுந்து கிடக்கும் வெண்பனி. அது பனியை அழுத்திக் கீழே தள்ளுகிறது, ரேடாரையும் குழப்புகிறது. அதன் ஆழம் தெரிந்தால்தான் கணக்கு முடியும். ஆழம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனேன்.

மிதக்கும் பனித்தட்டுகளின் மேல் சோவியத் ஒன்றியம் நடத்திய ஆய்வு முகாம்களிலிருந்து வருகிறது. 1954 முதல் 1991 வரை அங்கே இருந்தவர்கள் 500 அல்லது 1000 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, 10 மீட்டருக்கு ஒரு தடவை நின்று, வெண்பனியில் கோலைக் குத்தி ஆழத்தைக் குறித்திருக்கிறார்கள். மாதாமாதம், குளிர்காலம் முழுக்க. 1999இல் அந்த அளவுகளைத் தொகுத்து ஒரு சராசரி வரைபடம் ஆக்கினார்கள். ஒரே வருடம் வயதுள்ள பனிக்கு அதில் பாதி என்ற திருத்தத்தோடு, கிரையோசாட்டின் தடிமன் கணக்குகளில் வெகுகாலம் ஓடியது அந்தக் கோல் அளவுதான். 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் எண்ணுக்கு அடியில், கையுறை போட்ட ஒரு ஆள் குனிந்து படித்த சென்டிமீட்டர்.

இதையும் அவனுக்கு எழுதினேன். அந்த ஆறு மாச ராத்திரியிலேயே அளந்திருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

"டார்ச் யார் புடிச்சது?" என்று கேட்டிருக்கிறான்.